ஐரோப்பாவுக்குப் போகும் பனியனின் டேக்கில் எதை அச்சடிக்கலாம்? சான்று முத்திரைகளும் புதிய விதியும்

ஜெர்மனிக்குப் போகும் டி-ஷர்ட்டின் ஹேங்டேக்கில் ஒரு பச்சை இலை. அதன் கீழே ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று ஒரு வரி. திருப்பூரில் வருஷக்கணக்காக அச்சாகிவரும் டேக் இது. 2026 செப்டம்பர் 27 முதல் இந்த மாதிரி வரி ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் வருகிறது. கையில் காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரம்) சான்று இருந்தாலும் அந்த வரியை அது காப்பாற்றாது. ‘எங்களிடம்தான் சர்டிபிகேட் இருக்கிறதே’ என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: சான்று எதைச் சோதித்ததோ அதை மட்டும்தான் உங்களால் சொல்ல முடியும். அதற்கு மேல் ஒரு சொல் போட்டாலும் அந்தச் சொல்லுக்குத் தனி ஆதாரம் வேண்டும்.

இப்போதுதான் ஐரோப்பிய ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருக்கும் கம்பெனிகளுக்கும், டேக் ஆர்ட்வொர்க்கை அனுப்பிவைக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் இந்தப் படிகள்.

1. எந்தச் சட்டம் என்று முதலில் தெளிவாகுங்கள்

இரண்டு பெயர்கள் ஊருக்குள் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று 2024/825 எண் கொண்ட ஐரோப்பிய ஆணை. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டின் ஆணையைத் திருத்தி, பசுமை வாசகங்களையும் முத்திரைகளையும் அதற்குள் கொண்டுவந்தது இதுதான். உறுப்பு நாடுகள் 2026 மார்ச் 27க்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும், செப்டம்பர் 27 முதல் அமலாக்க வேண்டும் என்பது அதில் உள்ள கெடு.

இன்னொன்று, 2023 மார்ச்சில் முன்மொழியப்பட்ட ‘கிரீன் கிளெய்ம்ஸ்’ ஆணை. அதைத் திரும்பப் பெறும் எண்ணம் இருப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூனில் அறிவித்தது. பேச்சுவார்த்தை அங்கேயே நின்றது. ஆகவே ‘கிரீன் கிளெய்ம்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம்’ என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். முத்திரைகளை முன்கூட்டிச் சோதித்து ஒப்புதல் தரும் ஏற்பாடு எதுவும் 2024/825இல் கிடையாது. ‘ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்தது’ என்று இல்லாத ஒப்புதலை அச்சடிப்பது 2005 ஆணையிலேயே தடை.

சட்டம் நேரடியாகப் பிடிப்பது நுகர்வோருக்கு விற்பவரை, அதாவது அங்குள்ள பிராண்டையும் கடையையும். உங்களை அது பையரின் ஒப்பந்தம் வழியாக வந்து சேரும். ஆனால் சொந்த வலைத்தளத்தில் ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்றால் விற்பவர் நீங்கள்தான்.

கையிருப்புச் சரக்குக்கு இந்த ஆணையில் தனி விலக்கு இல்லை. தூத்துக்குடியில் கப்பலேறிய நாள் கணக்கில் வராது; கடையில் தொங்கும் நாள்தான் கணக்கு. கடல் வழியில் ஒரு மாதத்துக்கு மேல், கிடங்கில் சில வாரம், கடையில் ஒரு சீசன் என்று கூட்டிப் பாருங்கள். கெடு தேதிக்கு ஆறேழு மாதம் முன்பே டேக் மாறியிருக்க வேண்டும்.

2. அச்சில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்புங்கள்

ஹேங்டேக், மெயின் லேபிள், வாஷ்கேர் லேபிள், பாலிபேக், சைஸ் ஸ்டிக்கர், அட்டைப்பெட்டி, கேட்டலாக், வலைத்தளம். ஒவ்வொன்றிலும் சுற்றுச்சூழல் அல்லது தொழிலாளர் நலம் பற்றிய சொல், படம், லோகோ எது இருந்தாலும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். இலை, பூமி உருண்டை, நீர்த்துளி எல்லாம் இதில் சேரும். கம்பெனிப் பெயரும் பிராண்ட் பெயரும்கூடச் சேரும். ஆணையின் வரையறை இவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிராண்டிலேயே ‘ஈக்கோ’ என்று இருந்தால் அதுவும் ஒரு வாசகம்தான்.

அதிகம் தவறவிடப்படுவது பாலிபேக். அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் சிலிண்டரில் ‘மக்கும் தன்மையுள்ளது’ என்று ஒரு வரி இருக்கும். ஆர்டர் கொடுத்தவருக்கே அது நினைவிருக்காது.

3. வார்த்தைகளைச் சலியுங்கள்

ஐந்து சல்லடை. எதில் மாட்டினாலும் அந்த வாசகம் போக வேண்டும், அல்லது மாற வேண்டும்.

முதல் சல்லடை, பொத்தாம்பொதுவான புகழ்ச்சி. ‘ஈக்கோ ஃபிரெண்ட்லி’, ‘கிரீன்’, ‘இயற்கையின் நண்பன்’, ‘மக்கக்கூடியது’ போன்றவை. இவற்றைச் சொல்ல ‘அங்கீகரிக்கப்பட்ட மிகச்சிறந்த சுற்றுச்சூழல் செயல்பாடு’ வேண்டும். பூச்சின்னம் கொண்ட ஐரோப்பிய ஈக்கோலேபிள், அல்லது நோர்டிக் ஸ்வான், ப்ளூ ஏஞ்சல் போல ஐஎஸ்ஓ 14024 (சுற்றுச்சூழல் முத்திரைகளுக்கான சர்வதேசத் தரம்) வழியில் உறுப்பு நாடுகள் அதிகாரப்பூர்வமாக ஏற்ற முத்திரை அதற்கு ஆதாரமாகும். காட்ஸ், ஓக்கோ-டெக்ஸ் (வேதிப்பொருள் சோதனை முத்திரை), ஜிஆர்எஸ் (மறுசுழற்சிப் பொருளுக்கான தரம்) இந்தப் பட்டியலில் வரும் ரகம் அல்ல. ‘சஸ்டெயினபிள்’, ‘ரெஸ்பான்சிபிள்’ என்ற சொற்கள் இன்னும் சிக்கலானவை. அவை சமூக அம்சத்தையும் உள்ளடக்குவதால் சுற்றுச்சூழல் ஆதாரம் மட்டும் போதாது. அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாவது, ஒரு பகுதியின் சிறப்பை முழுப் பொருளுக்கும் ஏற்றிச் சொல்வது. நம் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் சாயக்கழிவு. சாயப் பட்டறை பொது சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்து கழிவுநீரை வெளியே விடாமல் நடத்துகிறது என்பது உண்மை. பெருமைப்பட வேண்டிய உண்மையும்கூட. அதை ‘நீர் மாசில்லாத டி-ஷர்ட்’ என்று எழுதினால் தவறு. பருத்தி வயலும் நூற்பும் அதில் அடங்கவில்லை. ‘இந்தத் துணியின் சாயமேற்றும் கட்டத்தில் கழிவுநீர் வெளியேற்றப்படவில்லை’ என்று எழுதி, சுத்திகரிப்பு நிலையத்தின் மாதாந்திர அளவீட்டுப் பதிவைக் கையில் வைத்திருந்தால் அது நிற்கும். காற்றாலை மின்சாரமும் அப்படியே. தையல் யூனிட்டுக்கு மட்டும் காற்றாலைக் கணக்கு என்றால் தையல் என்றே சொல்லுங்கள். அந்தக் காற்றாலையின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றுகளை வேறொருவருக்கு விற்றிருந்தால், அதே மின்சார யூனிட்டை மறுபடி உங்கள் பெயரில் சொல்லக் கூடாது.

மூன்றாவது, கார்பன் ஈடு. மரம் நட்டோம், கிரெடிட் வாங்கினோம், ஆகவே இந்த டி-ஷர்ட் ‘கார்பன் நியூட்ரல்’ என்று பொருளின் மேல் எழுதுவது முழுத் தடை. மரம் நட்டதைத் தனிச் செய்தியாகச் சொல்லலாம். பொருளோடு முடிச்சுப் போடக் கூடாது.

நான்காவது, சட்டக் கடமையைச் சிறப்பாகக் காட்டுவது. ‘அஸோ ஃப்ரீ’ என்ற டேக்கை எத்தனை பேர் இன்னும் போடுகிறார்கள்! பட்டியலிலுள்ள, புற்றுநோய் ஆபத்துள்ள அமீன்களை வெளிவிடும் அஸோ சாயங்களுக்கு ஐரோப்பாவின் வேதிப்பொருள் சட்டமான ரீச் விதியில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரம்பு ஏற்கெனவே எல்லோருக்கும் கட்டாயம். தண்ணீரில் துவைக்கும் துணியில் என்பிஇ (நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற வேதிப்பொருள்) 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். எல்லோரும் செய்தே தீர வேண்டியதை நம் தனிச்சிறப்பாகச் சொல்வது புதிய தடைகளில் ஒன்று. டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பையருக்கு அனுப்புங்கள், டேக்கில் போடாதீர்கள்.

ஐந்தாவது, எதிர்கால வாக்குறுதி. ‘2030க்குள் முழுவதும் ஆர்கானிக்’ என்று எழுத, அளவும் காலமும் குறித்த விரிவான திட்டம் பொதுவெளியில் இருக்க வேண்டும். சுயேச்சையான நிபுணர் அதை அவ்வப்போது சோதித்து முடிவை வெளியிடவும் வேண்டும். சிறு யூனிட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

பிரான்ஸ் ஆர்டரில் கூடுதல் கவனம் தேவை. 2020ஆம் ஆண்டின் கழிவுத் தடுப்புச் சட்டம் ‘மக்கக்கூடியது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற சொற்களைப் பொருளிலும் பேக்கிங்கிலும் அப்போதே தடைசெய்துவிட்டது.

4. முத்திரையை நான்கு கேள்விகளால் சோதியுங்கள்

சான்றுத் திட்டத்தின் அடிப்படையில் அமையாத, அரசு அமைப்பும் ஏற்படுத்தாத நிலைத்தன்மை முத்திரையை, அதாவது சுற்றுச்சூழல் அல்லது சமூகச் சிறப்பைச் சொல்லும் முத்திரையை, காட்டுவதே தடை. டிசைனரிடம் சொல்லி நீங்களே வரைந்த ‘பிளானட் சேஃப்’ வட்டம் இதில் அடிபட்டுப் போகும். வெளி முத்திரை என்றால் அதன் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்:

அ. விதிமுறைகள் பொதுவெளியில் இருக்கின்றனவா? தகுதியுள்ள எந்த நிறுவனமும் நியாயமான நிபந்தனையில் சேரலாமா?

ஆ. நிபந்தனைகளை வகுத்தபோது நிபுணர்களையும் தொடர்புடையவர்களையும் கலந்தார்களா?

இ. விதி மீறினால் முத்திரையை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் எழுதிவைத்த நடைமுறை உண்டா?

ஈ. ஆடிட் செய்பவர் முத்திரையின் உரிமையாளரிடமிருந்தும் உங்களிடமிருந்தும் விலகி நிற்கும் மூன்றாம் தரப்பா? அந்தத் தகுதியும் சுயேச்சையும் எந்தத் தர விதியை ஒட்டியவை?

நான்காவது கேள்வியில்தான் பல முத்திரைகள் தடுமாறும். முத்திரையை வைத்திருப்பவரும் சோதிப்பவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் கேள்வி எழும். பதில் கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். பையரின் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

சமூக ஆடிட்டில் ஒரு பொறி உண்டு. பிஎஸ்சிஐயும் ஸ்மெட்டாவும் தொழிலாளர் நிலையைப் பார்க்கும் ஆடிட் முறைகள், சான்றிதழ்கள் அல்ல. ‘பிஎஸ்சிஐ சர்டிஃபைடு’ என்று டேக்கில் போட்டால் சமூக அம்சத்தைக் காட்டும் பொய் முத்திரை ஆகிவிடும். ஐஎஸ்ஓ 14001 கம்பெனியின் சுற்றுச்சூழல் நிர்வாக முறைக்கான சான்று. அதன் முத்திரையும் துணியின் மேல் வரக் கூடாது.

5. எந்த முத்திரை எதைச் சொல்ல விடும்

காட்ஸ்: 95 சதவீதமோ அதற்கு மேலோ சான்று பெற்ற ஆர்கானிக் நார் இருந்தால் ‘ஆர்கானிக்’ தரம். 70 சதவீதம் முதல் 95க்குக் கீழ் வரை இருந்தால் ‘ஆர்கானிக் கொண்டு செய்தது’ தரம். லோகோ, தரம், சான்றளிக்கும் நிறுவனத்தின் குறிப்பு, லைசென்ஸ் எண் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் முழு லேபிள். லோகோவை மட்டும் வெட்டி ஒட்டக் கூடாது.

ஓசிஎஸ் (ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்ட்): ஆர்கானிக் நாரின் அளவையும் அது வந்த வழியையும் மட்டும் சொல்லும். சாயத்தைப் பற்றியோ கூலியைப் பற்றியோ அது எதுவும் சோதிப்பதில்லை. ஓசிஎஸ் துணிக்கு ‘நச்சில்லாத ஆர்கானிக் ஆடை’ என்று எழுதினால் பாதி வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை.

ஜிஆர்எஸ்: சான்று பெற 20 சதவீத மறுசுழற்சிப் பொருள் போதும். ஆனால் டேக்கில் லோகோ போட குறைந்தது 50 சதவீதம் வேண்டும். இதைத் தெரியாமல் 30 சதவீதத் துணிக்கு டேக் அடித்துவிட்டுப் பிரித்தெடுப்பது வீண் செலவு. நம் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து வரும் ஓப்பன்-எண்ட் நூல், நுகர்வோர் பயன்படுத்துவதற்கு முந்தைய கழிவு. ‘பழைய துணிகளுக்கு மறுவாழ்வு’ என்று அதற்கு எழுதக் கூடாது.

ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100: தீங்கான வேதிப்பொருள்களுக்காகச் சோதிக்கப்பட்டது, அவ்வளவுதான். சான்று ஓராண்டுக்கு. குழந்தைத் துணிக்கு வகை 1 வேண்டும். வகை 2 சான்றை வைத்துக்கொண்டு ரோம்பருக்கு டேக் போடாதீர்கள்.

மாஸ் பேலன்ஸ் முறையில் வாங்கிய பருத்தி: வாங்கிய அளவு கணக்கில் இருக்கும், ஆனால் அதே பஞ்சு அந்தச் சட்டையில் இருக்கும் என்ற உறுதி கிடையாது. ‘இந்தச் சட்டையில் உள்ளது’ என்ற சொல்லே வரக் கூடாது.

6. கிலோ கணக்கு: சான்று நிற்பதும் விழுவதும் இங்கேதான்

நம் ஊரில் டி.சி. என்றால் டெலிவரி சலானும் அதுதான், டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட்டும் அதுதான். ‘மில்லிலிருந்து டி.சி. வந்துவிட்டது’ என்று ஸ்டோரில் சொன்னால் எது என்று கேட்டு, தாளைக் கண்ணால் பாருங்கள். சலான் வைத்து ஆர்கானிக் என்று நிரூபிக்க முடியாது. குழப்பம் வராமல் இருக்க இங்கே பரிவர்த்தனைச் சான்று என்றே சொல்கிறேன்.

ஸ்கோப் சான்று, ஒரு நிறுவனம் இந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ளது என்று சொல்கிறது, ஓராண்டு செல்லும். பரிவர்த்தனைச் சான்று, இந்தச் சரக்கு, இத்தனை கிலோ, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு என்று சொல்கிறது. ஆர்டருக்கு ஆதாரம் இரண்டாவதுதான்.

உதாரணம் ஒன்று. 150 கிராம் எடையுள்ள டி-ஷர்ட் 10,000 பீஸ். ஆடை எடை 1,500 கிலோ. கட்டிங்கில் 15 சதவீதம் போகும் என்று வைத்தால் முடித்த துணி 1,765 கிலோ வேண்டும். சாயம், காம்பாக்டிங்கில் 6 சதவீதம் என்றால் சாயமேற்றாத கிரே துணி சுமார் 1,877 கிலோ. நிட்டிங்கில் 2 சதவீதம் என்றால் நூல் சுமார் 1,916 கிலோ. மில் தந்த பரிவர்த்தனைச் சான்றில் 1,600 கிலோ என்றுதான் இருக்கிறதென்றால், மீதி நூல் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். சாதா நூல் கலந்தது என்ற முடிவுக்கு ஆடிட்டர் போவதற்கு அது போதும். இழப்பு விகிதத்தை உங்கள் சொந்த உற்பத்திப் பதிவிலிருந்து எடுங்கள். பக்கத்துக் கம்பெனியின் கணக்கை நகலெடுக்காதீர்கள்.

சங்கிலி அறுபடும் இடங்கள் வழக்கமாக இவை: பிரிண்டிங்கோ எம்ப்ராய்டரியோ ஸ்கோப் சான்றில் சேர்க்காத ஜாப்வொர்க் யூனிட்டுக்குப் போயிருக்கும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ராத்திரியோடு ராத்திரியாக வேறு பட்டறைக்குச் சாயத்துக்கு அனுப்பியிருப்பார்கள். நூல் வாங்கிய நாளில் மில்லின் ஸ்கோப் சான்று காலாவதி ஆகியிருக்கும். அல்லது இன்வாய்ஸில் லாட் எண் ஒன்று, சான்றில் வேறொன்று. முதல் மூன்றில் எது நேர்ந்தாலும் பின்னால் சரிசெய்ய வழியில்லை. அந்த ஆர்டரைச் சான்று இல்லாத சரக்காகவே அனுப்ப வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கோப்பு: நூலின் பரிவர்த்தனைச் சான்று, இன்வாய்ஸ், லாட் அட்டை, ஜாப்வொர்க் சலான்கள், சாயப் பட்டறையின் ரெசிபியும் அனுமதிக்கப்பட்ட கெமிக்கல் பட்டியலும், கட்டிங் ரிப்போர்ட், வேஸ்ட் விற்ற பில், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங். வேஸ்ட் விற்ற பில்லை யாரும் வைப்பதில்லை. 15 சதவீதம் போனது என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

7. வாசகத்தை எழுதுங்கள்

எந்த நார், எத்தனை சதவீதம், எந்தக் கட்டம், யார் சோதித்தார். நான்கும் வந்தால் வாசகம் நிற்கும். ‘பூமிக்கு இதமான காட்டன்’ என்பதற்குப் பதில், ‘95% ஆர்கானிக் பருத்தி, 5% எலாஸ்டேன், காட்ஸ் சான்று, லைசென்ஸ் எண் இது’. ‘ஈக்கோ பேக்கிங்’ என்பதற்குப் பதில், ‘இந்தப் பாலிபேக் 100% மறுசுழற்சி பாலித்தீனால் ஆனது’. இதற்கும் பை தயாரித்தவரின் சான்று வேண்டும்.

பொதுச்சொல் ஒன்றை எப்படியும் போட வேண்டும் என்று பையர் பிடிவாதம் பிடித்தால், அதன் விளக்கம் அதே டேக்கில், கண்ணில் படும் எழுத்தில் வர வேண்டும். க்யூஆர் கோடு கூடுதல் விவரத்துக்கு நல்லது. விளக்கத்தை அதற்குள் ஒளித்துவைத்தால் செல்லாது.

காட்ஸிலும் ஓசிஎஸ், ஜிஆர்எஸ்ஸிலும் டேக் அச்சுக்குப் போகும் முன் ஆர்ட்வொர்க்கைச் சான்று நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு பையரின் டிசைனர் நிறத்தையோ ஒரு சொல்லையோ மாற்றினால் மறுபடி அனுப்புங்கள்.

8. செலவும் நாளும்

கட்டணத்தை மொத்தமாகக் கேட்காதீர்கள். விண்ணப்பம், ஆடிட்டர் நாள் ஒன்றுக்கு, பயணம், யூனிட் ஒன்றுக்கான ஆண்டு லைசென்ஸ், பரிவர்த்தனைச் சான்று ஒன்றுக்கு என்று பிரித்துக் கேளுங்கள். சின்னச் சின்ன ஷிப்மெண்டாக அனுப்புபவருக்குக் கடைசி வரிதான் பெரிய தொகையாகும். இரண்டு மூன்று நிறுவனங்களிடம் ஒரே யூனிட் பட்டியலைக் கொடுத்து விலை வாங்கி ஒப்பிடுங்கள்.

முதல் முறை காட்ஸுக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். தாமதம் ஆடிட்டில் வருவதைவிடத் தாள்களில்தான் அதிகம் வருகிறது: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை, தொழிற்சாலை உரிமம், பிஎஃப்-இஎஸ்ஐ பதிவுகள், சம்பளப் பதிவேடு, ஜாப்வொர்க் ஒப்பந்தங்கள், கெமிக்கல் இருப்புப் பட்டியல். ஸ்கோப் சான்று முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.

‘ஈக்கோ ஃபிரெண்ட்லி’ என்ற சொல்லைத் தக்கவைக்க விரும்பினால் ஐரோப்பிய ஈக்கோலேபிள்தான் நேர்வழி. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்கள், பொருளை விற்கும் ஏதாவது ஒரு உறுப்பு நாட்டின் பொறுப்பு அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஒருமுறைக் கட்டணம் 200 முதல் 2,000 யூரோ. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் வளரும் நாட்டு உற்பத்தியாளர்களுக்கும் 600 யூரோ உச்சம். தாள்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று அவர்கள் இரண்டு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். குறை இருந்து ஆறு மாதத்துக்குள் நீங்கள் நிரப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். லேப் டெஸ்ட் செலவு இதில் அடங்காது. அதுதான் பெரிய செலவு.

9. பையரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

பல நாடுகளில் பரவிய மீறலுக்கு, அந்த நாடுகளில் விற்பவருக்கு உள்ள ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 4 சதவீதத்தை உச்ச அபராதமாக வைக்க ஐரோப்பிய சட்டம் சொல்கிறது. ஜெர்மனியில் போட்டி நிறுவனங்களும் நுகர்வோர் சங்கங்களுமே நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். அந்தப் பயத்தில் பையர்கள் ‘எல்லாப் பசுமை வாசகங்களுக்கும் சப்ளையரே பொறுப்பு’ என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘நாங்கள் எழுத்தில் கொடுத்த தகவலின் உண்மைக்கு நாங்கள் பொறுப்பு, டேக், விளம்பரம், வலைத்தள வாசகத்துக்கு பையர் பொறுப்பு’ என்று பிரித்துக் கேளுங்கள். கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். விவரம் தெரிந்த பையருக்கு இது நியாயமான கேள்வி. பணத்தைப் பிடித்துக்கொண்டு பையரின் டெபிட் நோட் வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

ஆர்ட்வொர்க்கை பையர் அனுப்பினால், எந்த வரிக்கு உங்களிடம் ஆதாரம் இல்லை என்பதைக் குறித்து மின்னஞ்சலில் பதில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், மெர்ச்சண்டைசர் வேலை மாறினால் போனோடு சாட்சியும் போய்விடும். ஷிப்மெண்ட் முடிந்ததும் அந்த ஆர்டரின் டேக், வாஷ்கேர் லேபிள், பாலிபேக் ஒவ்வொன்றிலும் மூன்றை எடுத்து, ஸ்டைல் எண்ணும் அச்சடித்த தேதியும் எழுதி, பரிவர்த்தனைச் சான்று இருக்கும் அதே கோப்பில் வைத்து ஐந்து ஆண்டு பாதுகாத்து வையுங்கள்.